ஸ்பிளாஷ்னா தண்ணி தெளிக்கிறதா?

முன்குறிப்பு: இது இங்கிலீஷ் பாடம் இல்லை. பாடம் எடுக்கிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வராது. வராததால் வந்த பதிவுதான் இது. கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் தொடரலாம், மற்றவர்கள் கேன்டீன் பக்கம் போய்விட்டு வரலாம்.

போன வருடம், பிசினஸ் கம்யூனிகேஷன் வகுப்பு. மதியம் முதல் பீரியட். சாப்பிட்ட மயக்கத்தில் பாதி வகுப்பு சொக்கிக் கொண்டிருந்தது. மேடம் ஒரு ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கத்தைக் கொண்டு வந்து, ஆளுக்கு ஒரு தலைப்பாகக் கொடுத்து, அதைத் தமிழில் சொல்லச் சொன்னார். என் பங்குக்கு வந்தது, ஏதோ ஒரு கம்பெனி விளம்பரத்துக்கு ‘ஸ்பிளாஷ் அவுட்’ செய்தது என்கிற தலைப்பு.

எனக்கு ஸ்பிளாஷ் தெரியும். சின்ன வயதில் படித்ததுதானே, தண்ணி தெளிக்கிறது. அவுட் என்றால் வெளியே. ரெண்டையும் சேர்த்து, எழுந்து நின்று, நல்ல சத்தமாகவே சொன்னேன்:

“நிறுவனம் விளம்பரத்தின் மேல் தண்ணீரை வெளியே தெளித்தது.”

ரெண்டு விநாடி அமைதி. அப்புறம் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. தூங்கிக் கொண்டிருந்தவர்கள் எழுந்து, என்ன விஷயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்குகிற நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “உங்க அப்பா தொழில் உனக்கு ரத்தத்துலயே ஊறியிருக்குடா மாப்ள!”

மறுபடியும் ஒரு ரவுண்டு சிரிப்பு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் அப்பா தேய்ப்பு வண்டி வைத்திருக்கிறார். ஒரு அபார்ட்மெண்ட் வாசலில், வேப்பமரத்துக்குக் கீழே, கரி போட்டுத் தேய்க்கிற பெட்டியோடு நிற்கிறார். ஒரு கையில் பெட்டி, மறு கையால் கிண்ணத்துத் தண்ணியைத் தொட்டுத் துணியில் தெளிப்பார். அதாவது அந்தக் கடைசி பெஞ்ச் கமெண்ட்டில் தகவல் பிழை எதுவும் கிடையாது.

இதில் எனக்கு இன்னமும் உறுத்துவது அந்த கமெண்ட் இல்லை. அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் உறுத்துகிறது.

*

அன்று சாயங்காலமே லைப்ரரிக்குப் போனேன். ரோஷம்தான், வேறென்ன. பெரிய அகராதியை எடுத்து அந்த வார்த்தையைப் பார்த்தால் ஒரு பத்தி முழுக்க ஓடுகிறது. பெயர்ச்சொல்லாக ஒரு வரிசை, வினைச்சொல்லாக ஒரு வரிசை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் ‘ஸ்பிளாஷ்’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அந்த நோட்டில் சேர்ந்ததைத்தான் இப்போது உங்கள் தலையில் கட்டுகிறேன்.

முதலில் பிறந்த கதை. ஸ்பிளாஷ் என்பது ஆங்கிலத்தில் அவ்வளவு பழைய வார்த்தை இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் எழுத்தில் வருகிறது. அதற்கு முன்னால் ‘பிளாஷ்’ என்று ஒன்று இருந்தது. பழைய ஆங்கிலத்தில் அதன் மூதாதைக்குக் குட்டை என்று பொருள். அந்த பிளாஷுக்கு முன்னால் ஒரு ‘ஸ்’ ஒட்டிக்கொண்டு, சத்தம் இன்னும் பலமாகி, ஸ்பிளாஷ் ஆனது. நம்ம சலசலப்பு, சளசளப்பு மாதிரி காதில் கேட்டதையே பேராக வைத்த வார்த்தை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஸ்பிரே, ஸ்பில், ஸ்பிட், ஸ்பிரிங்கிள், ஸ்பிளாட்டர் - எல்லாமே ‘ஸ்ப்’ என்று ஆரம்பிக்கின்றன, எல்லாமே எதையாவது வெளியே தள்ளுகின்றன. கிராஷ், ஸ்மாஷ், டாஷ் - எல்லாமே ‘ஆஷ்’ என்று முடிகின்றன, எல்லாமே எதன் மீதாவது போய் மோதுகின்றன. ஸ்பிளாஷ் இந்த ரெண்டு குடும்பத்துக்கும் பிறந்த பிள்ளை. முன்பாதியில் வெளியே தள்ளும், பின்பாதியில் போய் மோதும். இப்படி ஒரே சத்தமும் ஒரே சாயலும் கூடவே திரிகிற எழுத்துக் கூட்டத்துக்கு 1930-இல் ஃபிர்த் என்கிற ஆங்கில மொழியியலாளர் தனியாக ஒரு பேரே வைத்திருக்கிறார். நமக்குப் பேர் முக்கியமில்லை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தண்ணி தெறிக்கிறது தெரியும். (எதிரே யாரும் இல்லாதபோது சொல்லவும்.)

அடுத்து, தண்ணி சம்பந்தப்பட்ட நேரடிப் பொருள். இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன். ஆங்கிலத்தில் ஒரே ஸ்பிளாஷை வைத்து ஒப்பேற்றுகிற இடத்தில் தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் நிற்கிறார்.

மழைநாளில் பஸ் போகிறது, ரோட்டோரம் நிற்கிற உங்கள் வெள்ளைச் சட்டை மேல் சேறு. ஆங்கிலத்தில் ஸ்பிளாஷ். தமிழில் பஸ் சேத்தை வாரி அடிச்சுட்டுப் போச்சு.

எண்ணெய்ச் சட்டியில் கடுகு போடுகிறோம், பக்கத்தில் இருந்த ஈரக் கரண்டியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணி விழுகிறது. எண்ணெய் தெறிக்கிறது.

குழந்தை வாளிக்குள் கையை விட்டு விளையாடுகிறது. அங்கேயும் ஸ்பிளாஷ்தான். நம் வீட்டில் “தண்ணியில அளையாத, சளி பிடிக்கும்” என்பார்கள். அளைவது என்று எவ்வளவு அழகான வார்த்தை. அது தெளிப்பதும் இல்லை, தெறிப்பதும் இல்லை.

காலையில் தூக்கம் போக முகத்தில் பளிச்சென்று தண்ணி விடுகிறோம். அதுவும் ஸ்பிளாஷ். தமிழில் முகத்தில் தண்ணி அடிக்கிறோம். தயவுசெய்து ‘முகத்தில்’ என்பதை விட்டுவிட வேண்டாம். வெறும் “காலையில எழுந்ததும் தண்ணி அடிச்சேன்” என்று சொன்னால் வீட்டில் வேறு மாதிரி ஆகிவிடும். ஹிஹி.

வாசல் தெளிப்பது? அது ஸ்பிளாஷே இல்லை, ஸ்பிரிங்கிள். அப்பா துணிக்குத் தெளிப்பதும் அதேதான். ஆக, நான் அன்றைக்குச் செய்த முதல் தப்பு ‘அவுட்’டில் இல்லை. ஸ்பிளாஷ் என்றாலே தெளிப்பது என்று நினைத்தது. தெளிப்பது கை செய்கிற வேலை. தெறிப்பது கையை விட்டுப் போன பிறகு தண்ணி செய்கிற வேலை. ஸ்பிளாஷ் பெரும்பாலும் இந்த ரெண்டாவது கட்சி.

*

இனிமேல்தான் தண்ணியே இல்லாத ஸ்பிளாஷ்கள்.

பத்திரிகைக்காரர்களுக்கு, குறிப்பாக பிரிட்டனில், முதல் பக்கத்துத் தலையாய செய்தியின் பேரே ‘ஸ்பிளாஷ்’. நம் ஊரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான் என்போமே, அதுதான். ஒரு செய்தியை முதல் பக்கம் பூராவும் ஸ்பிளாஷ் பண்ணினார்கள் என்றால் மை கொட்டிவிட்டது என்று அர்த்தம் இல்லை. (சத்தியமாக நான் அப்படித்தான் நினைத்தேன்.)

‘மேக் எ ஸ்பிளாஷ்’ என்றால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி வந்து இறங்குவது. இதற்கு நம்ம ஆட்கள் சரியான மொழிபெயர்ப்பை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள் - தெறிக்க விடுவது! 2016-இல் விஜய் படத்துக்கே ‘தெறி’ என்று பேர். ஆங்கிலேயர் தண்ணியிலிருந்து எடுத்ததை நாமும் கிட்டத்தட்ட அங்கிருந்தே எடுத்திருக்கிறோம். யாரும் யாரையும் பார்த்துக் காப்பியடிக்கவில்லை.

கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளைத் திறந்ததும் பேரும் படமுமாக ஒரு பலகை வந்து நிற்கும், பின்னால் வேலை நடந்து கொண்டிருக்கும். அது ஸ்பிளாஷ் ஸ்கிரீன். என் பழைய லேப்டாப்பில் டேலி திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். (இந்த லேப்டாப் பற்றிப் பின்னால் வருகிறேன்.)

விண்வெளிக்காரர்களின் ‘ஸ்பிளாஷ்டவுன்’ எனக்கு ரொம்பப் பிடித்தது. திரும்பி வருகிற கலம் பாராசூட்டில் தொங்கிக்கொண்டு கடலில் இறங்குவது. 1969 ஜூலை 24-இல் அப்போலோ 11 பசிபிக் கடலில் அப்படித்தான் இறங்கியது. 2007 ஜனவரி 22-இல் நம் இஸ்ரோ அனுப்பிய சின்னக் கலம் ஒன்று, ஆள் இல்லாமல், வங்காள விரிகுடாவில் இறங்கியது. 1984-இல் ராகேஷ் சர்மா திரும்பியபோது இந்த வார்த்தைக்கு வேலை இருக்கவில்லை, சோயுஸ் கலம் கஜகஸ்தானில் தரையில் இறங்கியது. 2025 ஜூலை 15-இல் சுபான்ஷு சுக்லா வந்த டிராகன் கலம் கலிபோர்னியாவின் சான் டியாகோ பக்கம் கடலில் இறங்கியபோது டிவியில் அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

கடைசியாக டைவிங். இங்கே மட்டும் ஸ்பிளாஷ் ஒரு குற்றம். பத்து மீட்டர் உயரத்திலிருந்து குதித்து, எவ்வளவு கம்மியாகத் தண்ணி தெறிக்கிறதோ அவ்வளவு நல்லது. டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021-இல் நடந்தது) சீனாவின் குவான் ஹாங்சான், வயது 14, ஐந்து முறை குதித்து அதில் ரெண்டு முறை எல்லா நடுவர்களிடமும் பத்துக்குப் பத்து வாங்கினார். வீடியோ பாருங்கள். ஆள் உள்ளே போன இடம் தெரியாது. அப்படிச் சுத்தமாக உள்ளே போகும்போது தாள் கிழிகிற மாதிரி சத்தம் வருமாம், அதனால் அதற்கு ‘ரிப்’ என்று பேர். கிழிப்பது என்பதும் பாராட்டுதான் போல.

*

இதுவரை எல்லாம் சரி. நோட்டின் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு சிக்கல் வந்தது.

சமையல் குறிப்புகளில் ‘எ ஸ்பிளாஷ் ஆஃப் வினிகர்’ என்று வரும். விஸ்கி குடிப்பவர்கள் ‘எ ஸ்பிளாஷ் ஆஃப் சோடா’ என்று கேட்பார்களாம். (கேள்வி ஞானம்தான். நம்புங்கள்.) இங்கெல்லாம் ஸ்பிளாஷ் என்றால் கொஞ்சூண்டு. அப்படியே ஒரு விசிறு, அவ்வளவுதான்.

ஆனால் என் மானத்தை வாங்கிய ‘ஸ்பிளாஷ் அவுட்’? பணத்தைத் தண்ணியாக வாரி இறைப்பது. அகராதி இன்னும் ஒரு படி மேலே போய், அவசியம் இல்லாத ஒன்றுக்கு, ஆசைப்பட்டு, கணக்குப் பார்க்காமல் செலவழிப்பது என்கிற தொனியில் சொல்கிறது. அதாவது இங்கே ஸ்பிளாஷ் என்றால் ஏகப்பட்டது.

ஒரே வார்த்தை எப்படிக் கொஞ்சமாகவும் இருக்கும், ஏகமாகவும் இருக்கும்?

இதற்கு ஒரு பிரமாதமான உதாரணம் மாட்டியது. டேவிட் ஹாக்னி என்று ஒரு பிரிட்டிஷ் ஓவியர். 1967-இல் ‘எ பிக்கர் ஸ்பிளாஷ்’ என்று ஒரு படம் வரைந்தார். கலிபோர்னியா வெயில், நீச்சல் குளம், ஒரு பலகை, நடுவில் வெள்ளையாகத் தெறிக்கிற தண்ணி. குதித்த ஆள் படத்திலேயே கிடையாது! ரெண்டே விநாடி இருக்கிற அந்தத் தெறிப்பை வரைய அவருக்கு ரெண்டு வாரம் ஆனது. அதற்கு முந்தைய வருடம் வரைந்த ‘தி ஸ்பிளாஷ்’ என்கிற படம் 2020 பிப்ரவரியில் லண்டனில் ஏலம் போனது. விலை 2 கோடியே 31 லட்சம் பவுண்டு. ரூபாய் இல்லை சாமி, பவுண்டு. ஆக, ஒருத்தர் ஒரு ஸ்பிளாஷுக்காக ஸ்பிளாஷ் அவுட் பண்ணியிருக்கிறார். அந்தப் படத்தில் உண்மையில் தெறிப்பது எவ்வளவு தண்ணி? ஒரு குடம் இருக்கலாம்.

நாம் படிக்கிற காமர்ஸிலும் இது இருக்கிறது. புதுப் பொருளைச் சந்தையில் இறக்கும்போது பெரிதாக விளம்பரம் செய்கிறார்களே, அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது? பிளஸ் ஒன்னில் படித்தோமே, நீள்பயன் வருவாயினச் செலவு, அதற்கு உதாரணமே இந்த விளம்பரம்தான். பலன் பல வருடம் வரும், அதனால் பல வருடத்துக்குப் பிரித்து எழுது என்றார்கள். கல்லூரிக்கு வந்தால், இன்றைய கணக்கியல் தரத்தின்படி அப்படியெல்லாம் பிரிக்கக் கூடாது, செலவழித்த வருடத்திலேயே செலவாக எழுது என்கிறார்கள். காரணம், அந்த விளம்பரத்தால் பின்னால் என்ன வரும் என்று நம்பிக்கையாக அளக்க முடியாது. தெறித்த தண்ணி எங்கே விழும் என்று யார் சொல்வது?

சரி, அந்தச் சிக்கல் எப்படி அவிழ்ந்தது என்று சொல்ல, நான் வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். கொசுவத்தி சுத்திக்கொள்ளுங்கள்.

*

இரண்டாம் செமஸ்டரில் எனக்கு ரெண்டு அரியர் விழுந்தது. ஒன்று இங்கிலீஷ். ரிசல்ட் வந்த மறுநாள் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். வண்டிக்குப் பக்கத்தில் பேங்க் சார் நின்றுகொண்டிருந்தார். ரிட்டயர் ஆனவர், அந்த அபார்ட்மெண்ட்டிலேயே இருக்கிறார். பையன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்டிருப்பார் போல. நான் வந்ததை அப்பா கவனிக்கவில்லை.

“அவனைத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு சார். என்னமோ பண்ணட்டும்.”

நேர்ந்து விடுகிற ஆட்டுக்கு மஞ்சத்தண்ணி தெளித்து விடுவார்களே, அதுதான். தெளித்தாச்சு, இனி அது நம்முடையது இல்லை. நம் மொழியில் ஒருத்தரை விட்டுவிடுவதற்கு எத்தனை தண்ணி! தண்ணி தெளித்து விடுவது, தலை முழுகுவது, கை கழுவுவது, தாரை வார்ப்பது. ஆங்கில ஸ்பிளாஷுக்கு எத்தனை பொருள் தேடினாலும் இந்த ஒன்று மட்டும் கிடையாது. தேடிப் பார்த்துவிட்டேன்.

தூக்குவாளியை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தேன். அப்புறம் ரொம்ப நாள் வண்டிப் பக்கம் போகவில்லை. கேட்டால் படிக்கிறேன் என்று சொல்லிவிடுவேன்.

இந்த வருடம் பொங்கலுக்கு முந்தின வாரம், துணி குவிந்துவிட்டது என்று அம்மா அனுப்பி வைத்தார். போனேன். அப்பா பருத்திச் சட்டைகளை என் பக்கம் தள்ளி, “தண்ணி மட்டும் தெளிச்சு சுருட்டி வை” என்றார்.

“எவ்வளவுப்பா தெளிக்கணும்?”

“அளந்தா தெளிப்பாங்க?” என்றார். பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

அப்புறம் அவராகவே சொன்னார். சொட்டுச் சொட்டாக விழக் கூடாது, பூவாக விழ வேண்டும். தெளித்ததும் தேய்க்கக் கூடாது, சுருட்டி வைத்தால் ஈரம் ஒரு சீராகப் பரவும், ஊறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். பட்டுக்கு மட்டும் தெளிக்கவே கூடாது, சொட்டு பட்ட இடம் வட்டமாகத் தெரியும். அதன் மேல் வேட்டித் துணி போட்டு, அதை ஈரமாக்கித் தேய்க்க வேண்டும். இருபது வருடமாக வண்டியில் நிற்கிறவர். இவ்வளவையும் என்னிடம் சொன்னது அன்றுதான். நான் கேட்டதும் அன்றுதான்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ‘அளந்தா தெளிப்பாங்க?’ ஸ்பிளாஷுக்கும் சாவி அதுதான்! அது கொஞ்சமும் இல்லை, ஏகமும் இல்லை. அளக்காதது. சோடா விடுகிறவர் அளக்கவில்லை, அளக்கிற அளவுக்கு அது பெரிய சமாச்சாரம் இல்லை. பணத்தை இறைக்கிறவரும் அளக்கவில்லை, அளக்க அவருக்கு அந்த நேரத்தில் மனசில்லை. ரெண்டிலும் பொதுவாக இருப்பது அளக்காமல் கையை விடுவது. பணத்தால் அளக்க முடிந்ததை மட்டும் எழுது என்று முதல் பாடத்திலேயே சொல்லிக் கொடுக்கிற கணக்கியலுக்கு நேர் எதிரி இந்த வார்த்தை.

அந்தச் சந்தோஷத்தில் கை கொஞ்சம் வேகமாகப் போய்விட்டது.

வண்டியின் ஓரத்தில் பேங்க் சார் வீட்டம்மாவின் பட்டுச் சேலை மடித்து வைத்திருந்தது. கல்யாண வீட்டுக்குக் கட்டப் போகிற சேலை. என் விரலிலிருந்து போன தண்ணி சட்டையைத் தாண்டி அதன் மேல் விழுந்தது. நாலு சொட்டு. நாலும் வட்டமாக, கண்ணுக்கு முன்னாலேயே பரவியது.

இதைத்தான் ஸ்பிளாஷ் என்று சொல்ல வேண்டும். தெளிப்பது இல்லை.

அப்பா பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். பேசவில்லை. காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தார். வேட்டித் துணியை ஈரமாக்கி மேலே விரித்து, அரை மணி நேரம் அந்த ஒரே மடிப்போடு நின்றார். மூன்று வட்டம் போய்விட்டது. ஒன்று மங்கலாக நின்றது, உற்றுப் பார்த்தால் தெரியும்.

சாயங்காலம் பேங்க் சார் வந்தார். உற்றுப் பார்க்க மாட்டார், ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே அப்பா சேலையைப் பிரித்து அந்த இடத்தைக் காட்டினார்.

“கை தவறித் தண்ணி தெறிச்சிருச்சு சார். என் கைதான். காசு வேண்டாம்.”

என் கைதான். நான் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். தண்ணி தெளித்து விட்டாச்சு என்று எந்த மனுஷரிடம் சொன்னாரோ, அதே மனுஷரிடம்.

சார் பார்த்துவிட்டு, மடிப்பில் மறைஞ்சிரும், பரவாயில்லை என்று காசை வண்டி மேல் வைத்துவிட்டுப் போனார். அப்பா அதை எடுத்து மறுநாள் அவர் வீட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

*

லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன் என்றேன் அல்லவா. கல்லூரியில் சேர்ந்த புதிதில் அப்பா வாங்கிக் கொடுத்தது, செகண்ட் ஹேண்ட். கடைக்காரர் 18,000 என்றார். கறிவேப்பிலைக்குக்கூட பேரம் பேசுகிற மனுஷர், சீட்டுப் பணத்தை எடுத்து அப்படியே எண்ணிக் கொடுத்தார். ஒரு வார்த்தை குறைத்துக் கேட்கவில்லை. வெளியே வந்ததும் “ஏன்ப்பா பேரம் பேசல?” என்று கேட்டதற்கு, “படிக்கிறதுக்கு வாங்குறப்ப என்னடா பேரம்” என்றார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு உருப்படிக்கு 10 ரூபாய். 18,000 என்றால் 1,800 உருப்படி. ஒரு நாளைக்கு எண்பது வந்தாலே நல்ல நாள். கரிக்காசு, வீட்டுச் செலவு எதையும் கழிக்காமலே மூன்று வாரத்துக்கு மேல் நின்ற கால். அதை முதலினச் செலவாக எழுதுவதா, வருவாயினச் செலவாக எழுதுவதா? பலன் எப்போது வரும்? ரெண்டு அரியரை எந்தப் பக்கம் எழுதுவது? எந்தத் தரத்தின்படியும் விடை வரவில்லை.

அகராதி ‘அவசியம் இல்லாததற்கு’ என்கிறது. அந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்கும் அகராதிக்கும் சண்டை. என் வாழ்க்கையில் நான் நேரில் பார்த்த ஒரே ஸ்பிளாஷ் அவுட் அதுதான்.

இப்போது மேடமுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தலைப்பின் சரியான தமிழ்: “நிறுவனம் விளம்பரத்துக்குப் பணத்தை வாரி இறைத்தது.” தாமதத்துக்கு மன்னிக்கவும். மார்க் உண்டா?

கடைசி பெஞ்ச் நண்பனுக்கும் ஒரு வார்த்தை. நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்றைக்கு நான் சிரித்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீ சொன்னதை வாங்க வேண்டாம், அது சரிதான். ரத்தத்துல ஊறியிருக்குடா மாப்ள. இன்னும் சீராகப் பரவவில்லை. சுருட்டி வைத்திருக்கிறேன், நேரம் ஆகும்.

பி.கு. 1: இங்கிலீஷ் அரியர் கிளியர் ஆகிவிட்டது. இன்னொன்று நவம்பரில். அப்பாவிடம் சொன்னேன். “ம்” என்றார். அதற்கு எந்த அகராதியிலும் பொருள் கிடைக்கவில்லை.

பி.கு. 2: இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியில் நிற்கிறேன். பருத்தி மட்டும்தான். பட்டு இன்னும் என் கைக்கு வரவில்லை.

பி.கு. 3: உங்கள் ஊரில் தண்ணி தெறிப்பதற்கு இதில் இல்லாத வார்த்தை ஏதாவது இருந்தால் சொல்லிவிட்டுப் போங்கள். நோட்டில் இன்னும் ஒன்பது பக்கம் பாக்கி இருக்கிறது.